லாட்ஜில் அறை சுத்தம் செய்யக் கொண்டுபோகும் வண்டியில் 14 அறைக்கு 28 குளியல் துண்டு ஏற்றியும் பத்தாவது அறையிலேயே தீர்ந்துபோகிறதா?

அறையை எண்ணி ஏற்றாதீங்க, ஆளை எண்ணி ஏற்றுங்க. பத்து அறையில் 28 தீர்ந்தால் அறைக்குக் கிட்டத்தட்ட 3 போகிறது. வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ் என்கிறீங்க. நோயாளியோடு துணைக்கு இரண்டு பேர், கீழே கூடுதல் மெத்தை. காரணம் பெரும்பாலும் அதுதான்.

காலையில் ரிசப்ஷன் பட்டியலில் மூன்று விஷயம் பாருங்க: காலி செய்யும் அறை, தொடர்ந்து தங்கும் அறை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர். துண்டு ஆளுக்கு 1. காலியாகும் அறைக்குக் கட்டிலுக்கு 2 பெட்ஷீட், 2 தலையணை உறை; தங்குபவர்களுக்கு மாற்றும் நாள் வந்தால் மட்டும். இதற்குமேல் 2 அறைக்கான செட் உபரி, அது போதும். வண்டியை ரொம்ப நிரப்பினால் சக்கரம் திரும்பாது, மேல் அடுக்கு சரியும். பெட்ஷீட் கீழே, துண்டு நடுவில், சோப்பும் தண்ணீர் பாட்டிலும் மேலே.

மூன்று நாள் சோதித்துப் பாருங்க: வண்டி திரும்பும்போது மிச்சத்தையும் அழுக்குப் பையில் உள்ள துண்டையும் எண்ணுங்க. போனதும் வந்ததும் ஒத்துவராவிட்டால் கணக்கில் தப்பில்லை, துண்டு அறையிலேயே தங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ரத்தக்கறை பட்ட துணியை உதறாமல், கையுறையோடு சுருட்டித் தனிப் பையில் கட்டுங்க. உப்புத்தண்ணீர்க் கறைக்கு ஆசிட் வைத்திருந்தால் ப்ளீச்சிங் பவுடரை அதே வண்டியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.