டொமைன் விக்கிறதுக்கு லைசென்ஸ் வேணுமா?

கேள்வி: சார், ஈரோட்டுல சின்னதா வெப் டிசைன் பண்றேன். சைட்டோட சேர்த்து டொமைனையும் (சைட்டோட முகவரி) ரீசெல்லர் பேனல்ல இருந்து, அதாவது வாங்கி விக்கிறவங்களுக்கு டொமைன் கம்பெனி கொடுக்கற பக்கத்துல இருந்து, நானே எடுத்துக் கொடுத்துடுவேன். போன வாரம் ஒரு ஜவுளிக்கடைக்காரர், "தம்பி, இதை விக்க உனக்கு லைசென்ஸ் இருக்கா?"ன்னு கேட்டுட்டார். நான் தனியா எடுக்கணுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: வேணாம். உலக அளவுல டொமைன் பேர்களை ஒருங்கிணைக்கிற அமைப்பு ஐகான் (ICANN). ரீசெல்லருக்குன்னு அது தனியா லைசென்ஸ் எதுவும் கொடுக்கறதில்ல, அது அங்கீகாரம் கொடுக்கறது டொமைனைப் பதிஞ்சு தர்ற கம்பெனியான ரெஜிஸ்ட்ராருக்குத்தான். நீங்களே ரெஜிஸ்ட்ரார் ஆகலாமேன்னு ஆசை வந்தா இதையும் கேட்டுக்கங்க: விண்ணப்பத்துக்கு 3,500 டாலர், வருஷா வருஷம் 4,000 டாலர், அதுக்கு மேல கையில 70,000 டாலர் ரொக்கமா புரட்ட முடியும்னு காட்டணும், நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 60 லட்சம், இது போக டாட் காம் விக்க அதை நிர்வகிக்கிற வெரிசைன் கம்பெனிகூட தனி ஒப்பந்தம், டாட் இன் விக்க அதை நிர்வகிக்கிற நிக்ஸிகிட்ட தனி அங்கீகாரம். ரெண்டு பசங்களை வெச்சு கடை நடத்துறவங்களுக்கு இது கட்டுப்படியாகாது, அதனாலதான் நாம எல்லாம் ரீசெல்லராவே இருக்கோம்.

லைசென்ஸ் இல்லன்னா ரூல்ஸும் இல்லன்னு நினைச்சுடாதீங்க. ஐகானுக்கு உங்களைத் தெரியாது, ஆனா அது ரெஜிஸ்ட்ராரோட போடற 2013 ஒப்பந்தத்துல ரீசெல்லருக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. அனுமதியில்லாம ஐகான் லோகோவை உங்க சைட்ல போடக்கூடாது, உங்களுக்குப் பின்னாடி எந்த ரெஜிஸ்ட்ரார்னு கஸ்டமர் கேட்டா சொல்லியே ஆகணும். நிறைய பேர் ரேட் தெரிஞ்சுடும்னு மறைக்கிறாங்க, அது தப்பு. 2007ல அமெரிக்காவுல ரெஜிஸ்டர்ஃப்ளைன்னு ஒரு கம்பெனி கவுந்து, அங்கீகாரம் பறிபோய், எட்டு லட்சத்துக்கும் மேல டொமைனை வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்த வேண்டியதாச்சு. அந்தக் கூத்துக்கு அப்புறம் 2009ல வந்த முந்தைய ஒப்பந்தத்துலதான் ரீசெல்லர் பத்தி இந்த பிரிவெல்லாம் முதல்ல ஏறுச்சு.

நம்மள நிஜமாவே கடிக்கிற ரூல் வேற. டொமைன் எடுத்ததும் ஓனர் மெயிலுக்கு ஒரு வெரிஃபிகேஷன் லிங்க் போகும், 15 நாளுக்குள்ள அதை க்ளிக் பண்ணலன்னா டொமைனை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த மெயில் ஐடி அவரோட அக்கவுன்டன்ட் பையனோடதா இருக்கும், அவன் வேலைய விட்டே போயிருப்பான், ஆடித் தள்ளுபடி நேரத்துல சைட் படுத்துடும், திட்டு வாங்கறது நீங்க. இதுக்கு பயந்துட்டே பல பேர் ஓனர் இடத்துல தங்களோட பேரையும் மெயிலையும் போட்டுடறாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. கஸ்டமர் பக்கத்துல உட்கார்ந்து அவர் போன்லயே லிங்க்கை க்ளிக் பண்ண வெச்சுட்டு வாங்க, ரெண்டு நிமிஷ வேலை.

கேள்வி: எங்க கம்பெனி டொமைனை டிசைனர்தான் வாங்கிக் கொடுத்தார், இப்ப ஆள் போனே எடுக்கல. ரினியூவல் தேதி நெருங்குது. என்ன பண்றது?
– திருப்பூர் வாசகி

பதில்: முதல்ல ஐகானோட லுக்கப் பக்கத்துல (டொமைன் விவரம் தேடற பக்கம்) உங்க டொமைனைத் தட்டிப் பாருங்க, ரெஜிஸ்ட்ரார் யாருன்னு தெரிஞ்சுடும். ஓனரா உங்க பேர் இருந்தா டிசைனரைத் தேடவே வேணாம், நேரா ரெஜிஸ்ட்ராருக்கே எழுதுங்க. டொமைனை வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்தத் தேவைப்படற ட்ரான்ஸ்ஃபர் கோடு கேட்டா 5 நாளுக்குள்ள கொடுக்கணும். டிசைனர் பேர்ல இருந்தா சிக்கல்தான், ரெஜிஸ்ட்ரார் கணக்குல அவர்தான் ஓனர். பில், பணம் அனுப்பின ரசீது, பழைய மெயில் எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கிட்டு ஒரு வக்கீலைப் பாருங்க. உங்க பேருக்கு ட்ரேட்மார்க் இருந்தா டாட் காமுக்கு யூடிஆர்பி (UDRP), டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பின்னு (INDRP) டொமைன் தகராறு தீர்க்கற தாவா வழி இருக்கு, ஆனா காசும் நாளும் ஆகும். தேதி தாண்டிட்டாலும் பதறாதீங்க, டாட் காம் உடனே கைமாறிடாது, டெலீட் ஆன பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனா மீட்கற சார்ஜ் தாளிச்சுடும்.

கேள்வி: ஒரு கூட்டுறவு வங்கிக்கு சைட் பண்றோம். டாட் பேங்க் டாட் இன் (.bank.in) டொமைன் வாங்கித் தரச் சொல்றாங்க, எந்த பேனல்லயும் காணோமே?
– மதுரை வாசகர்

பதில்: இருக்காது. வங்கிகளுக்கான அந்த டொமைனைப் பதியற உரிமை, ரிசர்வ் வங்கி தொடங்கின ஐடிஆர்பிடி (IDRBT) நிறுவனம் ஒன்னுகிட்ட மட்டும்தான் இருக்கு, வங்கியே நேரா விண்ணப்பிக்கணும். 2025 அக்டோபர் 31க்குள்ளயே மாறியிருக்கணும்னு கெடு வெச்சிருந்தாங்க, அதை முதல்ல அவங்க மேனேஜர் காதுல போடுங்க. டொமைன்ல உங்களுக்கு மார்ஜின் கிடையாது, சைட்டை மாத்திக் கொடுக்கற வேலைக்கு தனியா பில் போட்டுக்கங்க.