வாசகர் கேள்விகள்: நல்ல வேட்டைக்காரன் யார்?

ஓமலூர் வாசகர் ஒருவர்: எங்கள் பாட்டனார் சேர்வராயன் மலை அடிவாரத்தில் பெயர் பெற்ற வேட்டைக்காரராக இருந்தவர். அவருடைய குறி தப்பியதே இல்லை என்று வீட்டில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். குறி தப்பாமல் சுடுவதுதான் வேட்டைத் திறமையா?

தங்கள் பாட்டனாரின் குறியை நான் ஐயப்படவில்லை. ஆனால் குறி பார்ப்பது வேட்டையின் கடைசி நொடிக்குரிய வேலை. அதற்கு முந்திய சில மணி நேரத்தை ஒருவர் எப்படிக் கழித்தார் என்பதைக் கேட்டால்தான் அவர் வேட்டைக்காரரா, துப்பாக்கி வைத்திருந்தவரா என்பது விளங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரமாக, மலையாளிப் பெரியவர் ஒருவரோடு விடியற்காலையில் நடந்தேன். (சேர்வராயன் மலையின் பழங்குடியினருக்கு அதுதான் பெயர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இளமையில் வேட்டைக்குப் போனவர், அப்போது கையில் ஒரு குச்சி மட்டுமே வைத்திருந்தார். ஈர மண்ணில் காட்டுமாட்டின் குளம்படி ஒன்று அகலமாகப் பதிந்திருந்தது. நான் பரபரத்தேன். அவர் குனிந்து, அந்தத் தடத்தின் குறுக்கே அறுபடாமல் ஓடியிருந்த சிலந்தி நூலைக் குச்சி முனையால் காட்டினார். சிலந்தி நூல் கட்டிய பிறகு அந்த வழியாக எதுவும் போகவில்லை, ஆகவே இது நேற்றைய தடம் என்பது அவருடைய கணக்கு. சற்றுத் தள்ளி இன்னொரு தடம் இருந்தது. அதன் விளிம்பு உதிராமல் கூர்மையாக நின்றது. மிதிபட்ட புல் இன்னும் நிமிர்ந்து முடியவில்லை. மாடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அப்போது அவர் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். "கன்னோட போகுது தம்பி, இனி இந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். பெரிய குளம்படியை ஒட்டிச் சிறிய குளம்படி ஒன்று பதிந்திருந்ததை அவர் சொன்ன பிறகுதான் நான் பார்த்தேன்.

அன்று அவர் காற்றைப் பற்றிச் சொன்னதும் நினைவில் இருக்கிறது. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். பொழுது சாய்ந்து மலை குளிர்ந்ததும் அதே காற்று கீழே இறங்கும். ஆகையால், வெயில் ஏறிய பின் விலங்கை மேலேயிருந்தும், அந்தி சாய்ந்த பின் கீழேயிருந்தும் அணுகினால்தான் மனித வாடை அதன் மூக்குக்கு எட்டாது. இதை அறியாதவர் எவ்வளவு பெரிய துப்பாக்கியோடு போனாலும், அவர் போய்ச் சேருமுன் காடு காலியாகிவிடும்.

கன்றோடு போகும் தாயை விட்டுவிடுவது அந்தப் பெரியவரின் தனிப்பட்ட இரக்கம் மட்டும் அன்று; அது தொழில் மரபு. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் கண்ணப்பரின் கன்னி வேட்டையை, அதாவது முதல் வேட்டையை, பாடும் சேக்கிழார், எதிர்த்து வரும் கொடிய விலங்குகளைக் கொல்லும் அந்த மறவர்கள் யானைக் கன்றுகளைத் தொடர மாட்டார்கள், சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள், கருவுற்று நடை தளர்ந்த பிணைமான்களை வருத்த மாட்டார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். கொலைத்தொழிலின் நடுவிலேயே அவர் இந்த விலக்குப் பட்டியலை வைத்திருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அடுத்த ஆண்டும் இதே காட்டுக்கு வர வேண்டியவனுக்கு எதை விட வேண்டும் என்ற கணக்கு தெரிந்தே இருக்க வேண்டும்.

தங்கள் பாட்டனாரைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர் சுடாமல் திரும்பி வந்த நாட்களைப் பற்றி ஏதேனும் சொல்லியிருக்கிறாரா?

ஆத்தூர் வாசகி, ஆசிரியை: "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது" என்கிறார் வள்ளுவர். அப்படியானால், பெரிய விலங்கைக் குறி வைத்துத் தவறவிடுவதுகூடத் திறமைதான் அல்லவா?

அந்தக் குறள் படைச்செருக்கு அதிகாரத்தில் வருவது. அங்கே முயலும் யானையும் போர்வீரனின் துணிவை அளக்க வந்த அளவுகோல்கள். அதை வேட்டைக்கு இலக்கணமாகக் கொள்ளக் கூடாது. போர்க்களத்தில் தப்பிய வேல் வீரனுக்கு இழுக்கு அன்று. காட்டிலோ, அரைகுறையாகப் பட்ட அடியின் விளைவை வேறு யாராவது அனுபவிக்க நேரும்.

இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று வடக்கே இருக்கிறது. நேபாளத்திலும் குமாவூன் மலைப் பகுதியிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் சுட்டார். பிறகு அதன் வாயைப் பார்த்தபோது வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டின் வேலை அது. அந்தக் காயத்தால் தன் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது அவருடைய முடிவு. அந்த முதல் குண்டைச் சுட்டவரும் தம்மை வேட்டைக்காரர் என்றுதான் சொல்லியிருப்பார். அடிபட்ட விலங்கை இரத்தத் துளிகளைத் தொடர்ந்து போய்த் தேடி, அதன் வேதனையை முடித்து வைக்கும் வரை வேட்டை முடியவில்லை என்று கருதுபவரையே நான் தேர்ந்தவர் என்பேன். தெளிவாகப் படாது என்று தெரிந்தால் சுடாதிருப்பது அதற்கும் முந்திய படி.

வேட்டைக்குப் பொருந்தும் குறள் வேண்டுமென்றால், காலமறிதல் அதிகாரத்தில், வேளை வரும் வரை கொக்கைப் போல் அடங்கியிருக்கச் சொல்லும் "கொக்கொக்க கூம்பும் பருவத்து" என்று தொடங்குவதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் ஒரு கொக்கையும் காட்டிவிட்டால் உரையே தேவைப்படாது.

நம் பக்கத்து வில்லாளி ஒருவரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், 1997 வரை அது சேலம் மாவட்டம்தான். அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை வீழ்த்திப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக, புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடுகிறார். ஐந்து விலங்குக்கு ஓர் அம்பு என்பதைப் புலவரின் தாராளம் என்றே வைத்துக்கொள்வோம். என்னைக் கவர்ந்தது அதன் பிற்பகுதி. யாரென்று அறியாமல் பாணர் கூட்டம் அவனைப் பாடுகிறது. பாட்டில் 'கோ' என்ற சொல் வந்ததும், அது தன்னைக் குறிப்பதால் அவன் நாணுகிறான். பிறகு தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும் கொடுத்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். தன் வேட்டையைத் தானே பேசிக்கொள்ளும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டதால், அந்த நாணம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வாழப்பாடி வாசகர் ஒருவர்: காணும் பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் வங்கா நரியை வலை வைத்துப் பிடித்து, ஊரில் ஓடவிட்டுப் பிறகு விட்டுவிடுவது வழக்கம். கொல்லவே இல்லையே, இதை வேட்டை என்று தடுப்பது சரியா?

சரிதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல் கொல்வதை மட்டும் குறிக்கவில்லை. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், துரத்துவதும், அவற்றுக்கு முயல்வதும்கூட அதில் அடங்கும். நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கையில் எனக்குச் சண்டை இல்லை. வாயைக் கட்டி, கயிற்றில் இழுத்துவந்த நரியின் முகத்தில் விழிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தம்மம்பட்டி வாசகர் ஒருவர்: மரவள்ளிக் காட்டில் பன்றிகள் இரவோடு இரவாகக் கிழங்கைத் தோண்டிவிடுகின்றன. வேட்டையில் கைதேர்ந்த என் தாய்மாமன், கம்பியில் மின்சாரம் விடலாம், அல்லது அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்கலாம் என்கிறார். செய்யலாமா?

கூடவே கூடாது. தாங்கள் பட்ட நட்டம் உண்மையானது. ஆனால் தங்கள் மாமா சொல்லும் இரண்டு வழியிலும் வேட்டைத் திறமைக்கு வேலையே இல்லை. மின்கம்பிக்குப் பன்றியும் தெரியாது, தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் காட்டுக்காரரும் தெரியாது. அவுட்டுக்காயைக் கடிக்கும் விலங்கு தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள் கணக்கில் அலைந்து சாகும். சட்டப்படி இரண்டும் குற்றம். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்ற ஏற்பாட்டை 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அதில் விவசாயி தாமே சுடுவதற்கு இடமில்லை. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். மாமாவை, பன்றிகள் எந்த வழியாக இறங்குகின்றன என்று தடம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வனத்துறையினருக்கு அது பயன்படும்.

சேலம் அஸ்தம்பட்டி வாசகி ஒருவர்: என் பத்து வயது மகன் வேட்டைக் கதை என்றால் உயிரை விடுகிறான். கவண் கேட்கிறான். என்ன செய்வது?

கவண் வேண்டாம். மழை பெய்த மறுநாள் காலையில் ஈர மண் உள்ள ஏதேனும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் பெரும்பாலும் பதியாது. இந்த வேறுபாட்டை நீங்கள் சொல்லாமல் அவனே கண்டுபிடிக்க விடுங்கள். தடத்தின் மேல் மழைத்துளி விழுந்த குழிகள் இருந்தால் அது மழைக்கு முன்பு போனது என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கலாம்.