நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவருக்கும் பூஞ்சையா? தோல் மருத்துவரின் பதில்கள்

சர்க்கரை நோய் இல்லை. தொடை அரிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவினேன். அரிப்பு அடங்கியது, சிவப்பு மட்டும் பரவுகிறது. வட்டமாகவும் இல்லை. படர்தாமரையா?

அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். படர்தாமரையின் சிவந்த, செதில் செதிலான விளிம்பு பூஞ்சையை உடல் எதிர்ப்பதால் வருவது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடும். விளிம்பு மங்கும், அரிப்பு தணியும், பூஞ்சை நிம்மதியாக வளரும். களிம்பை நிறுத்தியதும் அரிப்பு கூடும். அதற்குப் பயந்து மறுபடி தடவுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். மலிவான, சீக்கிரம் முடிகிற பரிசோதனை. ஏனோ கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

கால் முடியை மழிக்கும் இடத்தில் சிவப்புக் கொப்புளங்கள். பூஞ்சைக் களிம்பு கேட்கவில்லை.

பூஞ்சை மயிர்க்காலுக்குள் இறங்கியிருக்கலாம். களிம்பு அவ்வளவு ஆழம் போகாது, மாத்திரை வேண்டும்.

மகனுக்கு ஏழு வயது. தலையில் கொழகொழவென்று கட்டி, சீழ், முடி உதிர்கிறது. கீறிவிடச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த இடத்து முடி வலிக்காமல் கையோடு வருகிறதா? அப்படியானால் இது கெரியானாக இருக்கலாம். அதாவது, பூஞ்சையை எதிர்த்து உடல் காட்டும் கடும் அழற்சி. கீறுவதால் பயனில்லை. முடியையும் செதிலையும் கல்ச்சருக்கு (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பிவிட்டு, வாய்வழி மருந்தைப் பல வாரம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் தழும்பாகி அங்கே முடியே முளைக்காமல் போகலாம்.

ரோஜா முள் குத்திய விரலில் புண். இப்போது முன்கை வரை வரிசையாக முடிச்சுகள். ஆன்டிபயாடிக் பலனில்லை.

அந்த வரிசைதான் துப்பு. ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை நிணநீர்க் குழாய் வழியே மேலேறும்போது இப்படி வரும். ஆனால் காசநோய்க் கிருமியின் சில உறவினர்களும் இதே கோலம் போடும், அதனால் பார்வையை மட்டும் நம்பி மருந்து எழுத மாட்டேன். பயாப்ஸி சதையைக் கல்ச்சர் செய்ய வேண்டும். ஸ்லைடில் இந்தப் பூஞ்சை பெரும்பாலும் அகப்படாது. உறுதியானால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, வழக்கமாக 3 முதல் 6 மாதம்.

நுரையீரலிலும் இப்படி வருமா?

வரும். கனடாவின் வான்கூவர் தீவில் 1999 முதல் ‘கிரிப்டோகாக்கஸ் காட்டி’ (Cryptococcus gattii) என்ற பூஞ்சை பரவியபோது, எதிர்ப்பு சக்திக் குறைபாடு எதுவும் இல்லாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். எக்ஸ்ரேயில் புற்றுநோய்க் கட்டி மாதிரியே தெரியலாம். விடாத தலைவலியும் சேர்ந்தால் மூளை உறையையும் சோதிக்க வேண்டும்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

கிரிப்டோகாக்கஸ் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. படர்தாமரையும் தலைப் பூஞ்சையும் பரவும். துண்டு, சீப்பைத் தனியாக வையுங்கள். வீட்டில் பூனை, நாய் இருந்தால் அதன் தோலையும் பார்த்துவிடுங்கள்.