மெயினை இறக்கினாலும் போகாத இரைச்சல்: கேள்வி பதில்

காரைக்குடியில் முப்பது வருடம் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பார்த்தவன் நான். ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான அனுமதி, அதற்கும் முன்னாலிருந்தே இருக்கிறது. ஸ்டாண்ட்பை கரண்ட் (அணைத்த சாமானும் இழுப்பது), வீட்டுச் சாமான்கள் ரேடியோவில் கிளப்பும் இரைச்சல், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். கேட்டிருக்கிறீர்கள், கூடவே மற்றதையும்.

புதுவயலிலிருந்து: செட்டாப் பாக்ஸை ரிமோட்டில்தான் அணைக்கிறோம். அப்படியும் கரண்ட் இழுக்குமா?

இழுக்கும். பல பெட்டிகளில் ரிமோட்டை அமுக்கினால் பச்சை விளக்கு சிவப்பாகும், அவ்வளவுதான். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கு சுலபம். ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். உங்கள் பெட்டி 10 வாட் இழுத்தால் வருடத்துக்கு 87.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 14, 15 யூனிட்.

கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து 230-ஆல் பெருக்காதீர்கள். இந்தச் சாமான்களின் வாசலிலேயே கப்பாசிட்டர் இருக்கிறது. அது இழுக்கும் கரண்ட்டில் பெரும்பகுதி வாட் கணக்கில் வராது. வீட்டு மீட்டரையே பாருங்கள். முகப்பில் யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் விடுங்கள். மீட்டர் விளக்கின் இரண்டு சிமிட்டலுக்கு நடுவே 112 நொடி ஆனால் 10 வாட்.

செல்போன் சார்ஜரை பில்லுக்காகப் பிடுங்க வேண்டியதில்லை. நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது கால் வாட் கூட இழுக்காது. ரேடியோவுக்காகப் பிடுங்க வேண்டி வரலாம், அது வேறு கணக்கு.

தேவகோட்டையிலிருந்து: 40 மீட்டர் அலையில், சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் இரைச்சலால் எப்போதும் 7-லேயே நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எஸ்7 என்றால் எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு எஸ் என்பது 6 டெசிபெல். எஸ்3 இருக்க வேண்டிய இடத்தில் எஸ்7 என்றால் 24 டெசிபெல். எதிரே பேசுகிறவர் 250 மடங்கு சக்தி கூட்டினால்தான் உங்களுக்குப் பழையபடி கேட்கும். நீங்கள் உங்கள் பக்கம் சக்தி கூட்டும் லீனியர் ஆம்ப்ளிஃபையர் வாங்கி இது தீராது.

ரிக்கை, அதாவது ஹாம் செட்டை, பேட்டரியில் போடுங்கள். மெயினை இறக்குங்கள். இரைச்சல் விழுந்தால் திருடன் வீட்டுக்குள். ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். விழாவிட்டால் வெளியே.

இந்தக் கடைசி வரியில்தான் நான் ஏமாந்தேன். மெயினை இறக்கினேன், மீட்டர் அசையவில்லை. சரி, வெளியிலிருந்து வருகிறது என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய் ஃப்ரிட்ஜைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னேன். அவர்களும் அணைத்தார்கள். திரும்பப் போட மறந்துவிட்டார்கள். மாவு பொங்கி வழிந்ததுதான் மிச்சம், எனக்கு எஸ்7 அப்படியே. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. மெயினை இறக்கினால் யூபிஎஸ் எடுத்துக்கொள்கிறது! அந்த லைனில் சாமி அறை இருந்தது. பாக்கெட் டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் காலியான இடத்தில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். சாமி அறை நிலைப்படியில் முனகல், முருகன் படத்துக்குக் கீழே காது பிளந்தது. படத்தைச் சுற்றிய எல்இடி சீரியல் விளக்கின் அடாப்டர், தீப்பெட்டி அளவு. பிடுங்கினேன், எஸ்2. ஆச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே மெயினை இறக்கும்போது யூபிஎஸ்ஸையும் அணையுங்கள். இதை இன்னும் பத்து தடவை சொல்வேன்.

இரைச்சல் வரும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பகலில் மட்டும் என்றால் மாடி சோலார். பொழுது சாய்ந்ததும் என்றால் விளக்கு. ஃபேன் வேகத்தை மாற்றினால் சுருதி மாறுகிறதா, கரண்ட் மிச்சம் பிடிக்கும் பிஎல்டிசி ஃபேன். டயலில் சம இடைவெளி விட்டு, 60, 70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக உறுமல் வந்து மெதுவாக நகர்ந்தால், ஏதோ ஒரு எஸ்எம்பிஎஸ், இந்தக் கால அடாப்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை.

பள்ளத்தூரிலிருந்து: ஸ்டாண்ட்பை குறைவான சாமானாகப் பார்த்து வாங்கினால் இரைச்சலும் குறையும்தானே?

இல்லை. நடந்தது ஏறக்குறைய தலைகீழ். பழைய எலிமினேட்டர் ஞாபகம் இருக்கிறதா, செங்கல் மாதிரி கனமாக? உள்ளே இரும்புக்கட்டி டிரான்ஸ்ஃபார்மர். சும்மா செருகி வைத்தாலே இரண்டு மூன்று வாட் தின்று சூடாகும். ஆனால் ரேடியோவில் அதன் சத்தமே இருக்காது.

1999-இல் சர்வதேச எரிசக்தி முகமை ஸ்டாண்ட்பை ஒரு வாட்டுக்குள் இருக்கட்டும் என்று திட்டம் வைத்தது. ஐரோப்பா 2010-இல் அதைச் சட்டமாக்கி, 2013-இல் அரை வாட்டாக இறுக்கியது. இரும்புக்கட்டியால் அதற்குள் நிற்க முடியாது. விலையும் எடையும் ஏற்கெனவே அதை ஒதுக்கிக்கொண்டிருந்தன, இதோடு அது போயிற்று. வந்தது எஸ்எம்பிஎஸ், நொடிக்குப் பல்லாயிரம் தடவை கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்புவது. வெட்டினால் சிதறத்தான் செய்யும். சிதறலைப் பிடிக்க வாசலில் ஒரு காயிலும் இரண்டு கப்பாசிட்டரும் வைக்க வேண்டும். மலிவுச் சாமானில் அந்த இடம் போர்டில் காலியாக இருக்கும், காயிலுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பி. நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

கோட்டையூரிலிருந்து: இரைச்சலைத் தடுக்க ஒயரில் மாட்டும் கிளிப் ஃபெரைட் ஆறு வாங்கி மாட்டினேன். பலன் இல்லை.

இருக்காது. ஒயர் ஒரு தடவை நுழைந்தால் ஒரு சுற்று. தடுப்பு சுற்றின் வர்க்கத்தில் ஏறும், பத்து சுற்று என்றால் ஏறக்குறைய நூறு மடங்கு. 31-ஆம் வகை ஃபெரைட்டில் 61 மில்லிமீட்டர் வளையம் வாங்கி, பவர் கார்டை அப்படியே, மூன்று கம்பியும் சேர்ந்தபடி, பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். பழைய கம்ப்யூட்டர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையம், ஒரு முகம் வெள்ளை, அது இரும்புத் தூள். இதற்கு உதவாது.

எந்தக் கம்பெனி எல்இடி பல்பு இரைச்சல் போடாது? (நான்கு பேர்)

கம்பெனி சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியின் அடுத்த சரக்கில் போர்டு மாறியிருக்கும். டிரான்சிஸ்டரோடு கடைக்குப் போய், எரியும் பல்புக்குப் பக்கத்தில் பிடியுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: பெரிய வீடு, ஷூட்டிங்குக்கு விடுகிறோம். வெளியே கம்பம் தெரியக் கூடாது என்கிறார்கள். நடு வளவில் வானம் திறந்துதானே இருக்கிறது, அங்கே ஆன்டெனா கட்டலாமா?

வேண்டாம். வளவைச் சுற்றி நான்கு பக்கமும் அறை, அறைக்கு அறை ஒயர். இரைச்சல் அந்த ஒயரில்தான் ஓடுகிறது. ஒயர் வேலி போட்ட கிணற்றுக்குள் ஆன்டெனாவை இறக்குகிறீர்கள். உங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அது எத்தனை ஹாமுக்குக் கிடைக்கும்? கொல்லையில் கடைசிக் கட்டைத் தாண்டிக் கட்டுங்கள், தெருவிலிருந்து ஒருவருக்கும் தெரியாது.

இதற்குத் தேவகோட்டைக்காரர் குறுக்கே வந்தார்: "எங்கள் சுவர் இரண்டடி கனம், ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி. உள்ளே மொபைல் சிக்னலே எடுக்காது. இரைச்சல் மட்டும் எப்படிச் சுவர் தாண்டி ஆன்டெனாவுக்கு வரும்?"

மொபைலின் அலை ஒரு முழம் இருந்தால் அதிகம். நாம் பேசுவது 40 மீட்டர் அலை. அதற்குச் சுண்ணாம்பும் செங்கலும் தடையே இல்லை, ஜன்னல் கம்பியும் இல்லை. அப்புறம், இரைச்சல் சுவரைத் துளைத்து வர வேண்டிய அவசியமும் இல்லை. ஒயர் வழியாகவே முகப்பிலிருந்து அடுப்படி வரை நடந்து வருகிறது.

"எங்கள் ஐயா முகப்பிலேயே ஏரியல் கட்டி இலங்கை வானொலி கேட்டார்கள். துளி இரைச்சல் இல்லை. அப்போது சுவர்தானே காத்தது?"

அப்போது வீட்டில் என்ன இருந்தது? நாலு குண்டு பல்பு, ஒரு ஃபேன், அந்த வால்வ் செட். இரைச்சல் போட ஆளே இல்லாத வீட்டில் சுவருக்கு என்ன வேலை?

தேவகோட்டையாரும் கானாடுகாத்தான்காரரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் மல்லுக்கு நின்றார்கள். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல் வரை போய்விட்டது. நடுவில் எனக்கு ஒன்பது கேள்வி தேங்கியது. கடைசியில் கானாடுகாத்தான்காரர்தான் உருப்படியாக ஒன்று செய்தார். ஒரே கம்பியை வளவில் ஒரு மணி நேரம், கொல்லையில் ஒரு மணி நேரம் கட்டிப் பார்த்தார். வளவில் எஸ்8, கொல்லையில் எஸ்4. தேவகோட்டையார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கானாடுகாத்தான் ஐயா, ஆன்டெனாவிலிருந்து வரும் கோயாக்ஸ் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதே ஃபெரைட் வளையத்தில் பத்து சுற்று சுற்றுங்கள், இல்லாவிட்டால் கேபிளின் மேல்தோலே வீட்டு இரைச்சலைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

கிளிப் ஃபெரைட் நல்லதா?

மேலே கோட்டையூர்.

ரிக்கைத் தொட்டால் சுரீரென்கிறது. மூன்றாவது பின்னை எடுத்துவிட்டால் இரைச்சல் குறைகிறது என்று ஒருவர் சொன்னார்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் கசியும் கரண்ட்டை எர்த்துக்கு அனுப்புகின்றன. எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடம்பில் மெயினில் பாதி, 115 வோல்ட் வாக்கில் மிதக்கும். அந்தச் சுரீர் அதுதான். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரி செய்யுங்கள். மூன்றாவது பின்னை எடுக்காதீர்கள். உயிர் போன பிறகு எஸ்2 வந்து என்ன பயன்?

தெருக் கம்பத்திலிருந்து கரகரவென்று வருகிறது, மழை பெய்தால் நின்றுவிடுகிறது.

கம்பத்தில் எங்கோ தளர்ந்த இணைப்பில் பொறி தெறிக்கிறது. மின்வாரியத்தில் கம்ப எண்ணோடு எழுதிக் கொடுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள்.

ஹாம் உரிமம் எடுப்பது எப்படி?

அரசின் சரள் சஞ்சார் இணையதளம். இன்று இது வேண்டாம்.

கிளிப் ஃபெரைட் எங்கே மலிவு?

கோட்டையூர், கோட்டையூர்.

மெயினை இறக்கியும் இரைச்சல் போகவில்லை, ஏன்?

யூபிஎஸ்.

மீதி அடுத்த தடவை. நாளை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக 9 மணிக்குக் கரண்ட் போகிறது. ஊர் முழுக்க அணையும், யூபிஎஸ்ஸில் இருப்பது தவிர ஒரு அடாப்டர் கூட ஓடாது. நான் பேட்டரியோடு 40 மீட்டரில் இருப்பேன், கரண்ட் வரும் வரை கூப்பிடாதீர்கள்.