தெரியாமல் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். டாக்டரிடம் வர மறுக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியையே மறக்கடிக்கும் மருந்து இருக்கிறதாமே, வாங்கிக் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கூடவே கூடாது, சகோதரி. உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் இதில் வழவழவென்று பதில் சொல்ல முடியாது.

அந்தப் பொடியில் ஒன்றுமே இல்லையென்றால் பணம் மட்டும் போகும். டைசல்ஃபிராம் இருந்தால்தான் வினை. 1940களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய மருந்து அது. குடித்த மதுவை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைட் என்ற நச்சாக மாற்றும். பிறகு அந்த நச்சையும் சிதைக்கும். இந்த இரண்டாவது வேலையை டைசல்ஃபிராம் தடுத்துவிடுகிறது. மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பழுதானவர் இறந்தே போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் அதன் பிடி இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் எல்லாவற்றையும் விளக்கி, நோயாளி சம்மதித்த பிறகே இதைத் தருகிறார்கள். குடித்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் அந்த மருந்தின் பலமே; விஷயமே தெரியாதவர் எதற்கு அஞ்சுவார்? வழக்கம்போல் குடிப்பார். ஏற்கெனவே கலந்து கொடுத்திருந்தால், கோபித்துக்கொள்வாரே என்று மறைக்காமல் இன்றே ஒரு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை, மிரண்டுபோய் மறுநாளே குடியை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கண்டம் அங்கேதான் காத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, மது தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை முறுக்கேற்றியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை உதறும், உடம்பு வேர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டிய நாட்களில் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத பூச்சிகளை உடம்பிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அறையில் பூட்டிவைக்கும் புத்திசாலிகளும் உண்டு. கவனிக்காவிட்டால் உயிரைக் குடிக்கும் நிலை அது. மருத்துவமனையில் நரம்பைத் தணிக்கும் மாத்திரைகளைக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். நீண்டகாலக் குடியில் அந்தச் சத்து வற்றிப்போனால் நினைவாற்றல் நிரந்தரமாகவே பாழாகிவிடலாம்.

'மனசு வைத்தால் ஒரே நாளில் விட்டுவிடலாம்' என்று உபதேசிக்கும் உறவினர்களிடம் இதையெல்லாம் சொல்லுங்கள்.

அவர் டாக்டரிடம் வராவிட்டால் என்ன, நீங்கள் போகலாமே. மனநல மருத்துவர்களும் போதை மீட்பு மையங்களும் குடும்பத்தாரிடம் தனியாகவும் பேசுவார்கள். குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. குடியை விட ஒப்பாதவர்கூடத் தூக்கம் வரவில்லை, வயிறு எரிகிறது என்றால் டாக்டரைப் பார்க்கச் சம்மதிப்பார். அந்தச் சாக்கில் அழைத்துப் போங்கள். பேச்சைப் போதை தெளிந்த காலை நேரத்தில் எடுங்கள்; இரவில் வேண்டாம். எவ்வளவு குடிக்கிறார் என்று டாக்டர் கேட்டால் அவர் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார். சரியான அளவை நீங்கள் சொல்லுங்கள். சிகிச்சையின் அளவே அதை வைத்துத்தான்.