விளையாடும்போது மட்டும் மறுதொடக்கமாகும் கணினி: முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதியுங்கள்

வணக்கம். புதிய கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய பிறகு, விளையாட்டு ஓடும்போது மட்டும் கணினி நீலத்திரைகூடக் காட்டாமல் மறுதொடக்கமாகிறது என்றும், விண்டோஸை மீண்டும் நிறுவியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மென்பொருளைவிட, உங்களுடைய பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) மீதே எனக்கு ஐயம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் நீங்கள் கண்ட ‘கெர்னல் பவர் 41’ என்பது, கணினி முறையாக அணையவில்லை என்று அடுத்த முறை தொடங்கும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பே தவிர, காரணம் அன்று. ஆனால் அதன் விவரங்களில் பக்செக் கோட் (நீலத்திரைப் பிழையின் எண்) 0 என்றிருந்தால், பிழையைப் பதிவுசெய்யும் முன்பே மின்சாரம் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சுமை திடீரென ஏறும் கணங்களில் கார்டு தன் சராசரியைக் காட்டிலும் மிகுதியாக மின்சாரத்தை இழுக்கும். அதைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தற்காப்புக்காக நின்றுவிடும்.

கார்டில் இரண்டு 8 பின் (pin) மின் இணைப்புகள் இருந்தால், ஒரே கேபிளின் இரு முனைகளைச் செருகாமல் தனித்தனிக் கேபிள்களைக் கொடுத்துப் பாருங்கள், ஏனெனில் ஒவ்வோர் இணைப்பும் 150 வாட் வரை சுமக்க வேண்டியது. பிறகு, கார்டு தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதியுங்கள். காசு செலவழிப்பது அதற்கப்புறம் இருக்கட்டும். மாற்றும்போது பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் செருகவே வேண்டாம். கேபிள் முனைகளின் பின் (pin) அமைப்பு வேறுபட்டால் பாகங்கள் கருகிவிடக்கூடும். அப்படியும் தீரவில்லையெனில் பிராசஸரின் வெப்பநிலையையும், மெம்டெஸ்ட்86 என்னும் நினைவகச் சோதனை மென்பொருள் கொண்டு ரேமையும் பாருங்கள்.