சீதன வளவில் இயங்கும் ஆலை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பெற்றோர் எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வளவில், பத்து வருடங்களுக்கு முன்பு அரிசி மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கும் ஆலையொன்றைத் தொடங்கினேன். நகைகளை அடகு வைத்து இயந்திரங்களை வாங்கியவள் நான். ஆனால் வியாபாரப் பெயர் கணவரின் பெயரில் பதியப்பட்டுள்ளது. இப்போது அவர் பிரிந்து சென்று விவாகரத்து வழக்குத் தொடுத்திருக்கிறார். தேடிய தேட்டத்தில், அதாவது மணமான பின் சேர்த்த சொத்தில், பாதி அவருக்குரியது என்று உறவினர் சொல்கிறார்கள். ஆலையைத் தம்பியின் பெயருக்கு மாற்றிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பியின் பெயருக்கு மாற்ற வேண்டாம், சகோதரி. வழக்கு நடக்கும்போது செய்யப்படும் அத்தகைய கைமாற்றம் மறைப்பதற்காகவே செய்யப்பட்டதென்று எதிர்த்தரப்பு எளிதாக வாதிடும். உங்கள் பக்கம் உள்ள நல்ல சான்றுகளையும் அது சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

தேடிய தேட்டம் என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைச் சட்டத்தின் கருத்து. மட்டக்களப்புத் தமிழர் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் அல்லர். இங்கு ஒரு காலத்தில் வழங்கிய முக்குவர் சட்டமும் இன்று நடைமுறையில் இல்லை. நமக்குப் பொருந்துவது பொதுச் சட்டமே. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவியின் ஆதனம் அவளுக்கே தனித்துவமாக உரியது. மணம் முடித்ததால் மட்டும் கணவருக்கு அதில் பங்கு உண்டாவதில்லை. உங்கள் கணவர் தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவராக இருந்தால் மட்டும் நிலைமை மாறும்; அதை முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

இனி ஆவணங்களைப் பார்ப்போம். சீதன உறுதியில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா, இருவர் பெயரும் இருக்கிறதா என்று எடுத்து வாசித்துப் பாருங்கள். நம் பகுதியில் மருமகனின் பெயரையும் சேர்த்து எழுதிய உறுதிகளை நான் பல முறை கண்டிருக்கிறேன். வளவு உங்களுடையதாயின் அதில் எழுப்பிய கட்டடம் நிலத்தோடு சேர்ந்ததாகவே கருதப்படும். கணவர் தம் பணத்தைச் செலவிட்டிருந்தால் நட்டஈடு கோரலாம். வியாபாரப் பெயர்ப் பதிவு உங்களுக்கு எதிரான சான்றுதான், ஆனால் அதுவே உரிமையை முடிவு செய்துவிடாது. அதற்கு மறுமொழியாக, இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டுகள், அடகுச் சிட்டைகள், வங்கிக் கூற்றுகள், மின்பட்டியல்கள் ஆகியவற்றின் மூலப்பிரதிகளைத் திரட்டி, ஆலைக்கு வெளியே பாதுகாப்பாக வையுங்கள். வாய்ப்பேச்சில் தாமும் பங்காளி என்று அவர் சொன்னால், மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் கையொப்பத்துடன் இருக்க வேண்டுமென்று 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. அந்த விதி உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதால், பங்காளி என்றல்ல, உரிமையாளர் என்றே உங்கள் கோரிக்கை அமைய வேண்டும்.

கூட்டு வங்கிக் கணக்கை இந்த வாரமே கவனியுங்கள். இருவரில் எவரும் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தால், இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்று மாற்றுமாறு வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். ஆலைக்காக நீங்கள் கையெழுத்திட்ட கடனோ பிணையோ விவாகரத்துத் தீர்ப்பால் நீங்கிவிடாது. கணவர் இயந்திரங்களை அகற்ற முயல்வார் என்ற அச்சம் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவு கோரலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். விவாகரத்துத் தீர்ப்பளிக்கும்போது ஆதனத்தை எழுதிக்கொடுக்கவோ, மொத்தமாகவோ மாதாந்தமாகவோ பணம் செலுத்தவோ உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஆலையின் வருமானத்தைக் குறைத்துக் காட்டாமல் உண்மைக் கணக்கையே முன்வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். அழைப்பாணையில் குறித்த திகதிக்கு முன்பே உறுதியையும் சிட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.